குளத்தைச் சுற்றி வந்த படகு

பல் டாக்டர் மாதக்கணக்கில் சாப்பாட்டு மேசையை வளைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியில் பாகம் பாகமாக வந்த பொம்மைப் படகை ஒட்டி முடித்தார். பாயும் உண்டு, மோட்டாரும் உண்டு. மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டு அலுத்துப்போன மனைவி, அது மூழ்குவதைக் கண்குளிரப் பார்க்கவே பூங்காக் குளத்துக்கு வந்தாள்.

படகு மூழ்கவில்லை. ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டு, நடுவிலிருந்த நாணல் திட்டுக்குப் பின்னால் போய், அவர் ஒரு தும்மல் போடுவதற்குள் மறுபக்கம் வந்தது.

கையில் எடுத்தார். பாய் நைந்து வெளுத்திருந்தது. பல்லில் காரை பிடித்தாற்போல் அடிப்பாகம் முழுக்கக் கடல் சிப்பி.

"அந்தப் பெயின்ட் வேண்டாம்னு அப்பவே சொன்னேன்," என்றாள் மனைவி.

"அதை விடு, இவனைப் பாரு."

சுக்கானருகே அவர் ஒட்டியிருந்த கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் மாலுமி. காலையில் மழுமழுவென்றிருந்த முகத்தில் இப்போது நெஞ்சுவரை நரைத்த தாடி.

மனைவி குனிந்து உற்றுப் பார்த்தாள். "ஐயோ, எப்படி இளைச்சுப் போயிட்டான்!" கைப்பையிலிருந்த பிஸ்கட்டில் ஒரு துண்டு உடைத்து அவன் காலடியில் வைத்தாள்.

வீடு வந்து பார்த்தபோது பிஸ்கட் இல்லை, தூள்கூட இல்லை.

அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மூன்று தட்டு வைத்தாள்.