பிக்கப்புக்கு ஒரு படி

டெக்சஸில் எல்லோரையும் போல அப்பா வெர்லனும் வருடாவருடம் தன் பிக்கப் டிரக்கில் ஏதாவது மாற்றுவார். நான் தேதி போட்டு நோட்டில் குறித்துவைப்பேன். மூன்று வருடம் முன்பு வண்டியை ஆறு அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் மாட்டினார். அதிலிருந்து முட்டிவலிக்கார அம்மாவால் ஏற முடியவில்லை.

"ஒரு படி வச்சுக் கொடேன், வெர்லன். நானும் உன்கூட ஏரிக்கு வருவேன்ல?"

"படி வச்சா ஊரே சிரிக்கும், மர்னா. பின்னாடியே கார்ல வாயேன்."

இந்த ஞாயிறு காலை, அப்பா படி பொருத்திக்கொண்டிருந்தார். வழுக்காமலிருக்க மேலே ரப்பரும் ஒட்டினார். யாருக்கென்று நான் கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ, நேரே சமையலறைக்கு ஓடினேன்.

"அம்மா, படி வச்சாச்சு!"

"பொய் சொல்லாதடி."

அம்மா உதட்டுச்சாயம் பூசி, இரண்டு பேருக்கு சாண்ட்விச் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அப்பா திரும்பாமலே படியைத் தட்டினார். "மெதுவா ஏறு செல்லம். இனிமே வலிக்காது."

அம்மாவின் முகம் வெட்கத்தில் சிவந்தது.

எங்கள் கிழட்டு நாய் பிஸ்கட், அவளைத் தாண்டிப் போய்ப் படியில் கால்வைத்து ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தது.

அம்மா என் நோட்டைப் பார்த்தாள்.

"தேதி போட்டு எழுதிக்கோடி," என்றாள்.