பூட்டிய அலமாரி மணி

2004-இல் பொம்மனஹள்ளியில் எங்கள் சின்னக் கம்பெனி மருந்து வால்வு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. கடுகளவு வால்வு. உடம்புக்குள் வைத்துவிட்டு வெளியிலிருந்து ரேடியோ அலையால் திறந்து மருந்தை விட வேண்டும். என்ன செய்தும் திறக்கவில்லை. திங்கட்கிழமை பணம் போட்ட டாக்டர் வருகிறார். அன்றும் திறக்காவிட்டால் கம்பெனியை மூடிவிடுவார்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கருவிகளுக்கு ஓய்வு என்று ரேடியோப் பெட்டியின் எல்லாப் பேட்டரிகளையும் கழற்றினேன். நீல மை நிரப்பிய வால்வைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுச் சாமி படத்தின் முன் வைத்தேன்.

“தம்பி, உங்க சாமிக்காவது வாய் திறக்குதா பாக்கலாம்,” என்றார் தங்கவயலிலிருந்து ரயிலில் வேலைக்கு வரும் ஹெலன் அக்கா.

பூஜை மணியடித்தேன். வால்வு திறந்து தண்ணீரில் மை நீல நூலாக எழுந்தது. நிறுத்தினேன், நின்றது.

“பேட்டரி?”

“என் பாக்கெட்ல இருக்குதுக்கா!”

சிரித்துக் கைதட்டினோம். தவறியும் அடித்துவிடாதபடி மணியின் நாக்கில் துணி சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

திங்கட்கிழமை பேட்டரிகளைத் திரும்பப் போட்டேன்; டாக்டரே ரேடியோப் பெட்டியின் பட்டனை அழுத்தினார். பூட்டிய அலமாரிக்குள் மணி அடித்தது. நீல நூல் எழுந்தது.

“மணி எதுக்கும்மா?”

“திறந்துடுச்சுன்னு சொல்லத்தான் சார்,” என்றார் அக்கா சட்டென்று.

“பேஷ்! எல்லாத்துலயும் வச்சிடுங்க.”

கம்பெனி பிழைத்தது. மைசூர் பாகு வந்தது. அலமாரியைத் திறந்தேன். மணியின் நாக்கில் நான் சுற்றிய துணி அப்படியே இருந்தது.