அந்தரத்தில் ஒரு சக்கரம்

கொட்டகையில் நின்ற குட்டி விமானத்தில் புதுத் தகடு ஒன்றைத் திருகி மாட்டினார்கள். 'அதிகபட்ச எடை 650 கிலோ' என்று அதில் பொறித்திருந்தது. நேற்றுவரை இருந்த தகட்டில் 600தான்.

கீழே நின்ற சக்கரம் பதறிப்போனது. "ஐயையோ, ஐம்பது கிலோவா! யாரைக் கேட்டுக் கூட்டினாங்க?"

"முறைப்படி அனுமதி வாங்கியாச்சு" என்றது தகடு. "இறக்கை மேல மணல் மூட்டை அடுக்கிச் சோதிச்சாங்க. இன்ஜினியர் கையெழுத்தும் போட்டுட்டார். உன்னைப் பத்திக்கூட எழுதியிருக்கார், சக்கரத்துல ஒரு கீறல் இல்லைன்னு."

"எப்படி இருக்கும்? அன்னிக்கு விமானத்தை ஜாக்கி போட்டுல்ல தூக்கி வச்சிருந்தாங்க! நான் அந்தரத்துல தொங்கிட்டிருந்தேன்!"

தகட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது... அறிக்கையில இல்லையே."

அதற்குள் விமானி வந்துவிட்டார். கூடவே ஒரு பருத்த நண்பரும் இரண்டு பெரிய பெட்டிகளும். எல்லாம் ஏறியதும் டயர் பிதுங்கியது.

"மேல தூக்கிட்டுப் போக இறக்கை இருக்கு" என்று அலறியது சக்கரம். "இறங்கும்போது யாரு தாங்குறது?"

அது கேட்டு முடிப்பதற்குள் விமானம் ஓடி மேலே எழும்பிவிட்டது. சோதனை நாளைப் போலவே, சக்கரம் ஒரு கீறலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது.