அரைச்சுற்று

நெவில் எறிந்த வேகத்தில் மின்சிகரெட்டின் டேங்க் என் கடையின் கண்ணாடி மேசையில் உருண்டு, உள்ளே இருந்த திரவம் என் சட்டையில் தெறித்தது.

இந்த வாரத்தில் நான்காவது தடவை. நான் விற்றது மட்டக் கம்பியாம். எனக்கு இந்தத் தொழிலே தெரியாதாம். இங்கே கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன்குடல் அள்ளுகிறவனுக்குக்கூட என்னைவிடக் கை சுத்தமாம். வாசல்வரை கேட்கும்படி கத்தினார்.

வாசலில் அவர் மனைவி பெவர்லி நின்றிருந்தார். ஒரு கால் என் கடைக்குள், ஒரு கால் மழையில், விரலிடுக்கில் எரியும் சிகரெட். வெளியே போய்ப் பிடியுங்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இந்த எழவுக்குச் சிகரெட்டே தேவலை என்று புருஷனுக்குப் பின்பாட்டு வேறு.

எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் நெவிலுக்கு நாளைக் காலை ஆஸ்பத்திரியில் பரிசோதனை. காலில் ரத்தக்குழாய் அடைத்துப் பாதம் கறுத்துக்கொண்டு வருகிறது. சிகரெட்டை விட்டால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நாளை நர்ஸ் ஒரு குழாயை நீட்டி ஊதச் சொல்வாள். முந்தின ராத்திரி பிடித்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஏற்கெனவே இரண்டு தடவை காட்டிக்கொடுத்து ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது. இன்னொரு தடவை தள்ளினால் காலையே எடுக்க வேண்டியதுதான்.

சிகரெட்டுக்குப் பதிலாகத்தான் இந்த வேப், அதாவது மின்சிகரெட்; இழுப்பது வெறும் ஆவி என்பதால் நர்ஸின் குழாயில் மாட்டாது. திரவத்தைச் சூடாக்குகிற கம்பியை நாமே சுற்றிப் பஞ்சு வைக்கிற டேங்க். நெவிலின் விரல்கள் மீன்படகில் கயிறு இழுத்தே மடங்கிப்போனவை, ஒரு ஸ்க்ரூவைக்கூடப் பிடிக்காது. அதனால் எல்லாம் நான்தான் செய்து கொடுக்கிறேன்.

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். சாயங்காலமானால் கம்பியின் மின்தடையைக் காட்டுகிற ஓம் அளவு குதிக்கும். 0.4, 0.9, 0.6, பிறகு திரையில் ‘கம்பிச்சுருள் இல்லை’. மனிதர் உடனே சிகரெட்டுக்குப் போய்விடுவார்.

நான் பார்க்காத வைத்தியம் இல்லை. திங்களன்று டேங்கின் அடிமுனையைத் தேய்த்துத் துடைத்தேன். செவ்வாயன்று கம்பியின் கால் டேங்கின் உட்சுவரில் உரசுகிறதோ என்று நறுக்கிக் குட்டையாக்கினேன். நேற்று கம்பியையே மாற்றினேன்.

நேற்று ரோஷத்தில் இன்னொன்றும் செய்தேன். கம்பியைப் பிடிக்கிற ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, அதன் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து வெள்ளை மையால் ஒரே கோடு இழுத்தேன். ஸ்க்ரூ அசைந்தால் கோடு பிசகும். சூட்டில் தளர்ந்திருந்தால் மயிரிழைதான் பிசகும்.

இப்போது டேங்கைப் பிரித்து விளக்குக்குக் கீழே பிடித்தேன்.

ஸ்க்ரூவின் தலையில் இருந்த பாதிக் கோடு அப்படியே எதிர்ப்பக்கம் போயிருந்தது.

எந்தச் சூடும் அரைச்சுற்று திருப்பாது. தலையில் புதுக் கீறல்கள் வேறு. யாரோ கத்திமுனையை விட்டுத் திருப்பியிருக்கிறார்கள். இவர் கையால் முடியாது. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

எனக்கு வந்ததே கோபம். நான்கு நாள் வாங்கிய திட்டுக்கும் சேர்த்து அந்தம்மாவை நார் நாராகக் கிழிப்பதற்கு வாயைத் திறந்தேன்.

நெவில் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

வாசலைப் பார்த்துக்கொண்டார். பெவர்லி இப்போது முழுதாக வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு புகை விட்டுக்கொண்டிருந்தார். நெவிலின் கத்தலெல்லாம் எங்கே போயிற்றோ, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். திருகுவது அவள்தான் என்று முதல் நாளே தெரியுமாம். முப்பத்தெட்டு வருஷமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து சேர்ந்துதான் பிடிப்பார்களாம். பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்தப் படியில்தானாம். பக்கத்தில் சிகரெட் எரிந்தால் கை தானாக நீளும், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று நர்ஸ் சொன்னதிலிருந்து அந்தம்மா அங்கே ஒண்டியாக உட்கார்ந்திருக்கிறாராம்.

அதற்காக இப்படியா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இன்றைக்கும் பிடித்தால் நாளைக்குக் கால் போச்சே.

“காலு இன்னொண்ணு இருக்கு தம்பி. அவ ஒருத்திதான்.”

பிறகு வெள்ளைக் கோட்டைக் காட்டினார்.

“அதை அழிச்சிடு. பாத்தான்னா அவமானமாப் போயிடும் அவளுக்கு. அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா.”

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் நான் துடைத்து முடிப்பதற்குள், என் கம்பி குப்பை, என் கடை குப்பை, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவன் குப்பை என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார். நான்கு நாளாக என்னைத் திட்டியபோதெல்லாம் அவர் கண் வாசலில்தான் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெவர்லி திரும்பிப் பார்த்தார்.

பதினோரு வருஷமாகக் கடை நடத்துகிறேன். ஒருத்தரிடமும் என் சரக்கில் குறை என்று ஒப்புக்கொண்டதில்லை.

“மன்னிச்சுக்கங்கம்மா, கம்பிதான் மட்டம்,” என்றேன், வாசலுக்குக் கேட்கும்படி.