தகட்டுக்கு அடியில்

ஹேர் டிரையரை ஒரே இடத்தில் காட்டக் கூடாது. தகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, இஸ்திரி போடுவதுபோல பசை இளகும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும்.

கார் பெயிண்ட் பட்டறையில் அவளுக்குத் தோல் டாக்டர் என்று பட்டப்பெயர். எந்த வண்டியில் எந்தச் சின்னத்தை எடுத்தாலும் ஒரு கீறல் விழாது. ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பி வருகிறவன், அவள் பார்க்கிற பார்வையிலேயே பாதி செத்துவிடுவான்.

இன்று வைத்தியம் அப்பாவின் காருக்கு.

அப்பா போய் மூன்று மாதமாகிறது. காரை வாங்குகிறவர் பழைய வண்டிப் பைத்தியம், மதியம் வருகிறார். சிவப்புப் பெயிண்ட் அசலாக இருக்க வேண்டும், டிக்கியில் ஒட்டியிருக்கும் பெயர்த் தகடு மட்டும் இருக்கக் கூடாது. அது அவர் கட்டளை.

தகட்டில் செதுக்கியிருப்பது அவள் பெயர்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எடுத்த போட்டோ ஒன்று உண்டு. அம்மா கையில் துணிப் பொட்டலமாக அவள். பின்னால் பளபளவென்று இந்தத் தகடு. மகள் பிறந்த சந்தோஷத்தில் அப்பா ஒட்டியது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறாள். கார் போனால் போகட்டும், தகடு வளையாமல் வேண்டும். அவளுக்கென்றே அப்பா பார்த்துப் பார்த்துச் செய்தது அது ஒன்றுதான்.

மற்றபடி அப்பா ஒரு மாதிரி. பாசமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவள் தலைக்கு ஒரு சாண் மேலே பார்ப்பார். அவர் வாங்கிவந்த உடுப்பு ஒன்றுகூட அளவாக இருந்ததில்லை. எப்போதும் நாலு வயது பெரியது. வளர்கிற பிள்ளைதானே என்று அம்மா மடித்துத் தைத்துக் கொடுப்பாள்.

அவள் பிறந்த மாதமே அதுவரை இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டார்களாம். தண்ணீர் சரியில்லை என்பாள் அம்மா.

அம்மா இன்று காலையிலிருந்து மூன்று தடவை வாசலுக்கு வந்துவிட்டாள். “அந்தத் தகட்டை மட்டும் விட்டுடும்மா. ஒட்டினது ஒட்டினபடியே இருக்கட்டும்.”

வயதானால் பிடிவாதம் கூடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

தூண்டில் நரம்பை இரண்டு கை விரல்களிலும் சுற்றி, தகட்டுக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம்போல இழுத்தாள். பசை பாகாக இழுபட்டது. தகடு கையோடு வந்தது. வளையவில்லை. அப்பாடா என்றிருந்தது.

மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்தாள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாள்.

துடைத்த இடத்தில் அவள் பெயர் இருந்தது.

தகட்டில் செதுக்கிய எழுத்து பெயிண்டில் பதியாது. இது தனித்தனி எழுத்துகளாக வாங்கி ஒட்டி, பிறகு எடுத்ததன் தடம். தகடு வருவதற்கு முன்னால் இருந்தது. எழுத்து இருந்த இடம் இன்னும் அடர் சிவப்பு; சுற்றிலும் வெயிலில் வெளிறிய சிவப்பு.

இப்படித் தடம் விழ எவ்வளவு வெயில் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? குறைந்தது மூன்று வருட வெயில். நாலாகவும் இருக்கலாம்.

அவள் பிறப்பதற்கு முந்தைய வருடங்கள்.

கடைசி எழுத்து மட்டும் கோணலாகக் கீழே இறங்கியிருந்தது. அப்பா காலண்டரைக்கூட ஸ்கேல் வைத்து மாட்டுகிறவர். அந்த எழுத்தை அவர் ஒட்டியிருக்க மாட்டார். யாரையோ இடுப்பில் தூக்கிப் பிடித்து, ஒட்டவைத்திருக்கிறார்.

எப்போதும் நாலு வயது பெரிதாகவே வந்த உடுப்புகள் அவள் நினைவுக்கு வந்தன.

சுற்றியிருக்கும் வெளிறலில் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் ஒரே சிவப்பாகிவிடும். அப்புறம் எழுத்து இருந்த சுவடே தெரியாது. பஞ்சில் பாலிஷைத் தொட்டாள். தேய்க்காமலே கீழே வைத்தாள்.

அம்மா எப்போது வந்து நின்றாளோ தெரியாது. திட்டவில்லை, அழவும் இல்லை. டிக்கியின் முன்னால் குனிந்து, அந்தக் கோணல் எழுத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள். பிறகு தூங்குகிற குழந்தையை எழுப்புவதுபோல, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இத்தனை வருடமும் அந்தப் பெயர் காதில் விழுந்த நொடியே என்னம்மா என்று திரும்பியவள், இப்போது வாய் திறக்கவில்லை.

கையிலிருந்த தகட்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.