சீப்புக்கு ஓட்டுப் போடும் நோய்

"கையெழுத்துப் போடும்மா. எல்லாரும் போட்டாச்சு" என்று தாளை நீட்டினார் பூபதி.

எல்லைப்புற மனநல ஆலோசகர் சங்கத்தின் தலைவர் அவர். தாளில் இருந்தது ஒரே தீர்மானம். சீப்புச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுவது ஒரு மனக்கோளாறு. அப்படிப்பட்டவர்களுக்குச் சங்க உறுப்பினர் எவரும் ஆலோசனை தரக் கூடாது.

சங்கம் அண்டாச் சின்னத்தின் பக்கம். கட்சிகளின் நிஜப் பெயரை எழுதினால் நம் மேலும் ஒரு தீர்மானம் வரும் என்பதால் அண்டா, சீப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

ஜெயப்ரியா தாளை இரண்டு முறை படித்தாள். காவேரிப்பட்டினத்துப் பெண். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தொழிலாளர்களின் மனக்குறை கேட்பது அவள் வேலை. வருடா வருடம் சங்கத்தின் சர்டிபிகேட்டைக் காட்டினால்தான் அந்த வேலை நிலைக்கும். வருகிற திங்கட்கிழமை கடைசி நாள்.

"கோளாறுன்னா நாமதானுங்க சார் பார்க்கணும்? நாமளே பார்க்க மாட்டோம்னா எப்படி?"

பூபதி தலையை மெல்ல ஆட்டி, அவளுடைய கோபம் தனக்குப் புரிவதாகச் சொன்னார். சுற்றி இருந்த பதினோரு பேரும் தலையாட்டி, தங்களுக்கும் புரிவதாகச் சொன்னார்கள். ஆலோசகர்கள் சண்டை போட்டால் இப்படித்தான். எல்லாம் புரியும், ஒருத்தரும் இறங்கி வர மாட்டார்கள்.

"தேன்கனிக்கோட்டை ஆஞ்சப்பன்னு எங்க கம்பெனி ஆளு ஒருத்தர் எங்கிட்ட வர்றாருங்க. ராகிக் கொல்லைய யானை மிதிச்சதுல இருந்து தூக்கமே இல்ல. அவரு சீப்புக் கட்சி. யானை கட்சி பார்த்து மிதிக்கலீங்களே சார்."

"அந்தக் கட்சிக்காரன் தூங்காம இருக்கறதுதாம்மா நாட்டுக்கு நல்லது" என்றார் பூபதி.

அவள் தாளை மேஜையிலேயே வைத்துவிட்டாள். அவளை நீக்கச் சம்மதம் என்று பதினோரு கைகள் உயர்ந்தன. அந்த நிமிடத்தோடு ஜெயப்ரியா சங்கத்தில் இல்லை.

மனசு கேட்காமல் மாடிக்குப் போனாள். கூட்டம் நடந்த அதே கல்யாண மண்டபத்தின் மாடியில்தான், போன வருடம் பிரிந்துபோன சாந்தம்மாவின் போட்டிச் சங்கம் கூடியிருந்தது. "பாம்மா, பா" என்று கன்னடத்தில் வாய் நிறைய அழைத்தார் சாந்தம்மா. காபி கொடுத்தார். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார்.

அதே தீர்மானம். கீழ்ச் சங்கத்தின் தாளை எப்படியோ வாங்கி ஜெராக்ஸ் எடுத்து, சீப்பை அடித்துவிட்டு மேலே அண்டா என்று பேனாவால் எழுதியிருந்தார்கள்.

காபி நன்றாகவே இருந்தது. ஜெயப்ரியா குடித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் படி இறங்கினாள்.

திங்கட்கிழமை வேலை போயிற்று. ஒரு கையெழுத்தில் என்னடி குறைந்துவிடும் என்று போனில் அம்மா கேட்டபோது அழுதேவிட்டாள். அழுது முடித்து, பாகலூர் ரோட்டில் ஒரு டயர் கடை மாடியில் அறை பிடித்து போர்டு மாட்டினாள். 'ஜெயப்ரியா, மனநல ஆலோசகர். எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை.' அந்த 'இல்லை'யை எழுதத்தான் வேண்டுமா என்று போர்டு எழுதியவர் மூன்று தடவை கேட்டார்.

மூன்று வாரமாக ஈ காக்கை இல்லை. ஆஞ்சப்பன் மட்டும் வியாழக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்து, யானையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். இந்த மாதத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று அவள் முடிவு செய்திருந்த அன்றைக்கு, ஹெல்மெட் போட்ட ஒருவர் உள்ளே வந்தார்.

வந்தவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கட்டிலே இல்லாத அறையில் கட்டிலுக்கு அடியில் தேடுகிறவர் போல ஒருமுறை குனிந்தும் பார்த்தார். அப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

பூபதி.

"இங்க பேசறது வெளிய போகாதில்ல?"

"போகாதுங்க சார். அது சங்கத்தோட விதி இல்ல, தொழிலோட விதி."

பூபதி ஒற்றை முடிகூட இல்லாத தன் தலையைத் தடவிக்கொண்டார்.

"இருவது வருசமா நான் சீப்புக்குத்தாம்மா ஓட்டுப் போடறேன்."

வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாதாம். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்றுதான் அந்தத் தீர்மானத்தைத் தானே உட்கார்ந்து எழுதினாராம். எழுதிய நாளிலிருந்து பொட்டுத் தூக்கமில்லை. சங்கத்தில் யாரிடம் போய் இதைச் சொல்வது?

ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவரைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விட்டால் போதும், சர்டிபிகேட் வீடு தேடி வரும். அவள் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள். ஒரு மணி நேரம் முழுசாகக் கேட்டாள்.

"இது கோளாறே இல்லீங்க சார். ஓட்டு அவங்கவங்க இஷ்டம். போயி நிம்மதியாத் தூங்குங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, கதவைத் திறந்தார் பூபதி. வெளியே பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். நாலு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஓரத்தில் பட்டுப்புடவையில் இருந்த ஹெல்மெட், பழக்க தோஷத்தில் "பா" என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டது.

பூபதி கதவைத் திரும்பவும் சாத்திவிட்டு, மேஜைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கோளாறு இல்லைன்னு சொன்னீங்களே... அத ஒரு சர்டிபிகேட்டா எழுதித் தருவீங்களாம்மா?"