உப்புக்குக் கீழே ஒரு மேடு

மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டும் சிவகௌரி கணினிப் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ஆபிரிக்கக் கரைக்கு அப்பால், ஆழ்கடலுக்கு அடியில் தோண்டிய எண்ணெய்க் கிணற்றின் முடிவு அது. எங்கே தோண்டலாம் என்று படம் பார்த்துச் சொல்வதற்குத்தான், நல்லூரில் இந்த மேல்மாடி அறையில் இருந்தபடி அவள் சம்பளம் வாங்குகிறாள்.

கப்பலிலிருந்து ஒலியை அனுப்புவார்கள். கடலடிப் பாறைகளில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துப் படம் வரைய வேண்டும். நடுவில் உப்புப் படுக்கை கிடந்தால் வந்தது வினை. உப்புக்குள் ஒலி கண்மண் தெரியாமல் ஓடும். படம் ஆளை ஏய்க்கும்.

இந்தப் படத்தில், இரண்டு கிலோமீற்றர் உப்புக்குக் கீழே அழகான ஒரு மேடு. மேட்டின் உச்சியில் எண்ணெய் தேங்கும். பார்த்த கம்பனிப் பெரிய தலைகளுக்கெல்லாம் வாய் ஊறியது.

சிவகௌரி ஆறு கிழமை இருந்து உப்பின் அடிப்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் திரும்ப வரைந்தாள். பிறகு அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

இது பிழையாகிப் போனால் வேறு வேலை பார்க்க வேண்டிவரும் என்றார் மேலாளர். சரி என்றாள்.

கிணறு தோண்டுகிற செய்தி வீட்டில் தெரிந்ததும் பெண்கள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். எண்ணெய் வந்தால் நல்லூரானுக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்று அம்மா இரத்தினம்மா நேர்த்தி வைத்தாள். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அவர்களைத் தடுக்கச் சிவகௌரிக்கு மனம் வரவில்லை.

கடைசியில் மின்னஞ்சலைத் திறந்தாள். வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

அவள் போட்ட கூச்சலில் அம்மா பாதி திருவிய தேங்காயோடு படியேறி ஓடிவந்தாள். பின்னால் லூர்த்தம்மா, மூச்சு வாங்க.

“எண்ணெய் வந்திட்டுதோ, பிள்ளை?”

“ஒரு சொட்டும் இல்லை அம்மா! நான் எழுதிக் குடுத்தபடியே, வெறுங்கிணறு!”

அங்கே மேடு என்று ஒன்று இருக்கவே இல்லை. உப்புத் தடித்த இடத்தில் ஒலி முந்திக்கொண்டு வந்து, தட்டைப் பாறையை மேடாகக் காட்டியிருக்கிறது. தோண்டாதீர்கள் என்றுதான் அவள் கையெழுத்து வைத்திருந்தாள். வாய் ஊறியவர்கள்தான் கேளாமல் தோண்டினார்கள். அடுத்த நான்கு கிணறுகளின் படங்களும் இனி அவள் சரி என்றால்தான் நகருமாம். சந்தோசத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்று மாதமாகத் தாங்கள் வேண்டியதெல்லாம் பிள்ளையின் வேலைக்கு உலை வைக்கத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

லூர்த்தம்மா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரத்தினம்மா கையிலிருந்த தேங்காய்ப் பாதியோடேயே கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நூற்றெட்டுத் தேங்காயும் உண்டுதான் என்றாள். தன்னுடைய சொல்லை அவன் கேளாமல் விட்டதற்கு.